பதினாறு மார்க் பழக்கமும் கேட் தேர்வும்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்த யாரிடமும் "பதினாறு மார்க்" என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். செமஸ்டர் தேர்வில் 10 இரண்டு மார்க் கேள்விகள், 5 பதினாறு மார்க் கேள்விகள், மூன்று மணி நேரம். 2017 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிமுறையில்) அந்தப் பதினாறு 13 ஆனது, கடைசியில் 15 மார்க்குக்கு ஒரு கேள்வி சேர்ந்தது. பழைய பெயர் மட்டும் பல ஸ்டாஃப் ரூம்களில் இன்னும் புழங்குகிறது. படம் போடு, சூத்திரத்தைக் கட்டம் கட்டி எழுது, ஸ்டெப் ஸ்டெப்பாகப் போ, கடைசி விடை தப்பினாலும் பத்து மார்க்காவது விழும். எட்டு செமஸ்டர்கள் நம் மாணவர்களின் கை பழகுவது இதற்குத்தான்.

அதே மாணவர் பிப்ரவரி மாதத்து வார இறுதி ஒன்றில், காலை ஒன்பதரை மணிக்கு, ஏதோ ஒரு தேர்வு மையத்தில் கணினித் திரை முன்னால் உட்கார்ந்து, பொறியியல் முதுகலைப் படிப்புக்கும் பொதுத்துறை வேலைக்கும் வழிவிடும் கேட் தேர்வை எழுதுகிறார். அங்கே படத்துக்கு மார்க் இல்லை. ஸ்டெப்புக்கு மார்க் இல்லை. சரியான விடை இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

பல வருடங்களாகப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கேட் எழுத ஆசைப்படும் மாணவர்கள் வந்து நின்றதும் கேட்பது பெரும்பாலும் "எந்தப் புக் சார் படிக்கலாம்?" என்றுதான், இல்லாவிட்டால் "எந்தக் கோச்சிங் சார் சேரலாம்?" என்று. இரண்டுமே அப்புறம் கேட்க வேண்டியவை என்பது என் எண்ணம். செமஸ்டர் தேர்வு நமக்குள் ஊறவைத்த பழக்கங்களில் எது இந்தத் தேர்வில் கைகொடுக்கும், எது காலை வாரும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். திறமையில் குறைவில்லாத எத்தனையோ பேர் இந்த ஒரு விஷயத்தில்தான் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை, தில்லி, குவஹாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து இதை நடத்துகின்றன. 2019இல் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியது, 2024இல் இந்திய அறிவியல் கழகம், 2025இல் ரூர்க்கி. மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகள், மொத்தம் 100 மார்க். அதில் 15 மார்க் ஜெனரல் ஆப்டிடியூட் (மொழி, எண், தர்க்கத் திறன்). எல்லாப் பாடப்பிரிவுக்கும் உண்டு. பெரும்பாலான பொறியியல் தாள்களில் 13 மார்க் கணிதம், மீதி 72 சொந்தப் பாடம். கேள்விகள் மூன்று வகை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எம்.சி.கியூ., ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய எம்.எஸ்.கியூ., விடையை எண்ணாக நாமே உள்ளிட வேண்டிய என்.ஏ.டி. இதில் எம்.எஸ்.கியூ. 2021இல்தான் வந்தது. இளங்கலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். வாங்கிய ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

அந்த ஸ்கோரை வைத்து என்ன கிடைக்கும்? ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.டெக்., சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் நேர்முகத் தேர்வோடு ஆராய்ச்சி வழி எம்.எஸ்., தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.இ. சேர்க்கையிலும் முன்னுரிமை. கேட் தகுதியோடு சேரும் முதுகலை மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. "மேற்கொண்டு படிக்க வீட்டில் காசு இல்லை சார்" என்று சொல்லும் பையனிடம் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான். அப்புறம் பொதுத்துறை வேலைகள். நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் பட்டதாரிப் பயிற்சியாளர்களை கேட் ஸ்கோரை வைத்துத் தேர்வு செய்தபோது, பட்டியலில் தமிழ்நாட்டவர் மிகக் குறைவு என்று 2022இல் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தேர்வு முறை சரியா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நம் வீட்டு வாசலில் இருக்கும் வேலைக்கும் இந்தத் தேர்வு வழியாகப் போக வேண்டிய நிலை வந்திருக்கிறது என்பதை அன்றைக்குப் பல பெற்றோர் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, பழக்கத்துக்கு வருவோம்.

ஒரு உதாரணம். கணினி அறிவியல் மாணவர் எல்லோரும் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பேஜ் ரீப்ளேஸ்மென்ட் படிக்கிறார்கள், அதாவது நினைவகம் நிறைந்ததும் எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பது. "பெலேடி முரண் என்றால் என்ன?" என்பது நம் தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. நினைவகச் சட்டங்களை (பக்கம் வைக்கும் இடங்களை) கூட்டினால் பேஜ் ஃபால்ட் (தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லாமல் போவது) குறைவதற்குப் பதிலாகக் கூடுவது என்று ஒரு வரி எழுதினால் இரண்டு மார்க். "பேஜ் ரீப்ளேஸ்மென்ட் வழிமுறைகளை விளக்குக" என்பது பதின்மூன்று மார்க். நான்கு பக்கம் எழுதலாம். கேட் தேர்வில் அதே பாடத்தை இப்படிக் கேட்கலாம்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் தேவைப்படுகின்றன; முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மூன்று சட்டங்களோடு எத்தனை ஃபால்ட், நான்கு சட்டங்களோடு எத்தனை? உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் மூன்றுக்கு 9, நான்குக்கு 10. வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு இந்த 10 வந்ததும் சந்தேகம் வந்துவிடும், எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். தானே ஒருமுறை கையால் போட்டுப் பார்த்து "அட, கூடுதே!" என்று ஆச்சரியப்பட்டிருந்தவருக்குச் சந்தேகம் வராது. இரண்டு பேருமே அந்தப் பாடத்தில் செமஸ்டரில் உச்சமான 'ஓ' கிரேடு வாங்கியிருக்கலாம்.

சிவில், மெக்கானிக்கல் பக்கம் ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இரண்டு தாங்கிகள் மேல் நீளவாக்கில் ஒரு உத்தரம், முழு நீளத்துக்கும் சீரான பாரம். தாங்கிகள் இரண்டு முனையிலும் இருந்தால் நடுவில் வளைதிருப்பம் (பெண்டிங் மொமென்ட்) ஒரு மீட்டருக்கான பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தது. இது எல்லோருக்கும் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது தாங்கிகளை இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளே தள்ளி வைக்கலாம் என்கிறோம். எவ்வளவு தள்ளினால் உத்தரத்தில் எங்கும் வரக்கூடிய மிகப்பெரிய வளைதிருப்பம் மிகக் குறைவாக இருக்கும்? எட்டால் வகுக்கும் சூத்திரம் மட்டும் தெரிந்தவர் இங்கே நின்றுவிடுவார். தாங்கியை உள்ளே நகர்த்த நகர்த்த நடுவில் தொய்வு குறைகிறது, தாங்கியின் மேலே எதிர்ப்பக்க வளைவு கூடுகிறது என்று மனக்கண்ணில் பார்க்கத் தெரிந்தவருக்கு, இரண்டும் சமமாகும் இடம்தான் விடை என்று பத்து வினாடியில் தெரியும். சமன் செய்தால் ஒரு இருபடிச் சமன்பாடு வரும். தீர்த்தால் முனையிலிருந்து நீளத்தில் 0.207 பங்கு. 10 மீட்டர் உத்தரத்துக்கு 2.07 மீட்டர். மொத்த வேலையும் நான்கு வரி. ஆனால் அந்த நான்கு வரிக்கு முன்னால் ஒரு படம் மனதுக்குள் அசைய வேண்டும், அதை எந்தக் கொஸ்டின் பேங்கும் தராது.

கணிதத்திலும் இதே கதைதான். முதல் செமஸ்டரில் ஐகன் மதிப்புகள் கண்டுபிடிப்பது, இருபடி வடிவத்தை நியம வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் இரண்டு பக்கக் கணக்கு. நம் மாணவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள், உண்மையாகவே நன்றாகப் போடுவார்கள். கேட்டில் அணியே கொடுக்காமல் கேட்க முடியும். ஒரு 3×3 அணியின் ஐகன் மதிப்புகள் 1, 2, 3. அந்த அணியின் வர்க்கத்தோடு அதே அணியைக் கூட்டினால் வரும் அணியின் டிடெர்மினன்ட் என்ன? புது ஐகன் மதிப்புகள் 2, 6, 12. பெருக்கினால் 144. முப்பது வினாடி வேலை. ஐகன் மதிப்பு என்பது அணிக்குள் ஒளிந்திருக்கும் அதன் குணம், அணியைத் தன்னோடு பெருக்கினாலும் கூட்டினாலும் அதற்கும் அதுவே நடக்கும் என்று ஒருவர் ஒருநாள் புரிந்துகொண்டிருந்தால் முடிந்தது. கணிதத்தின் 13 மார்க்கையும் ஆப்டிடியூடின் 15 மார்க்கையும் சேர்த்தால் 28. நூறில் கால் பங்குக்கு மேல். எந்தத் துறை மாணவரானாலும் இந்த 28ஐ முதலில் உறுதி செய்துகொள்ளச் சொல்வேன். எம்-த்ரீ என்ற மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்து எழுதித் தேறிய எத்தனையோ பேர் கணிதத்தையே பயந்து ஒதுக்கிவிட்டு மற்றப் பாடங்களை மட்டும் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காது.

லோக்கல் ஆதர் புத்தகங்கள் என்று நாம் சொல்லும் வகையைப் பற்றியும் பேச வேண்டும். யூனிட் வாரியாக, பல்கலைக்கழகக் கேள்விக்கு ஏற்றபடி விடை எழுதிவைத்த புத்தகங்கள். அவற்றைத் திட்ட மாட்டேன், செமஸ்டர் நெருக்கடியில் அவை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு கருத்து ஏன் அப்படி இருக்கிறது என்ற பகுதி இருக்காது. கேட் கேட்பதோ அந்தப் பகுதியை மட்டும்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மூலப் பாடநூலை எடுங்கள், கல்லூரி நூலகத்தில் தூசி படிந்து நிச்சயம் இருக்கும். முழுதும் படிக்க நேரம் இருக்காது, வேண்டவும் வேண்டாம். கேட் பாடத்திட்டத்தில் இருக்கும் அத்தியாயங்களை மட்டும் படித்து, அத்தியாயத்தின் முடிவில் இருக்கும் கணக்குகளை விடை பார்க்காமல் போடுங்கள். ஆங்கில நூல் கடினமாக இருந்தால் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய இணைய வீடியோ பாடத் திட்டம், காசு கொடுக்காமல் பார்க்கலாம், பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. பழைய கேட் வினாத்தாள்களும் விடைக்குறிப்போடு அதிகாரபூர்வ இணையதளத்தில் கிடைக்கின்றன. மற்ற எதையும் வாங்குவதற்கு முன்னால் அவற்றைத் தீர்த்து முடியுங்கள்.

தீர்ப்பது என்றால் எப்படி என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. விடையைப் பார்த்து "ஓ, இப்படித்தானா" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது தீர்ப்பது இல்லை. என் மாணவர்களுக்கு ஒரு நோட்டு வைக்கச் சொல்வேன். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வரி, ஏன் தப்பியது என்று. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதக் கூடாது. அது காரணமே இல்லை. "விட்டம் கொடுத்திருந்தான், ஆரம் என்று எடுத்தேன்", "கிலோபாஸ்கலை மெகாவாக மாற்றவில்லை", "'சரியல்லாதது எது' என்ற கேள்வியில் 'அல்லாத'தைப் படிக்கவில்லை" என்று எழுத வேண்டும். ஐம்பது வரி சேர்ந்ததும் திரும்பிப் படித்தால் ஒரே தப்பைப் பதினைந்து முறை செய்திருப்பது தெரியும். செமஸ்டர் தேர்வில் இது நமக்குத் தெரியவே வராது, ஏனென்றால் யூனிட் மாற்றத் தவறினாலும் ஸ்டெப்புக்கு மார்க் விழுந்துவிடும், விடைத்தாளும் தானாகக் கைக்கு வராது. கேட்டில் அந்தப் பதினைந்தும் முழுப் பூஜ்ஜியம், சில இடத்தில் பூஜ்ஜியத்துக்கும் கீழே.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது பற்றி நம் மாணவர்களிடம் இருக்கும் பயம் பாதி தேவையானது, பாதி தேவையற்றது. எம்.சி.கியூ.வில் மட்டும்தான் மார்க் குறைப்பு. ஒரு மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. எம்.எஸ்.கியூ., என்.ஏ.டி. இரண்டிலும் குறைப்பு கிடையாது. அதனால் அவற்றைக் காலியாக விட்டு வருவதில் எந்த லாபமும் இல்லை. எம்.சி.கியூ.வில் கணக்கைப் பாருங்கள். எதுவுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் கண்மூடித்தனமாக அழுத்தினால், நான்கு முறைக்கு ஒருமுறை ஒரு மார்க் வரும், மூன்றுமுறை மூன்றில் ஒன்று போகும். வரவும் செலவும் சரியாகிவிடும், சராசரியில் பூஜ்ஜியம். ஆனால் ஒரே ஒரு விடையை "இது நிச்சயம் இல்லை" என்று தள்ள முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றை அழுத்துவதில் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு மார்க் லாபம். இரண்டைத் தள்ள முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஊகம் செய்வதே தவறு என்று இல்லை. தள்ளுவதற்குக் காரணம் இல்லாத ஊகம்தான் வீண். அலகுகளைச் சரிபார்த்து, நீளத்தைப் பூஜ்ஜியமாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்து, குறி எதிர்மறையாக வருமா என்று யோசித்து விடைகளைத் தள்ளுவது ஒரு தனித் திறமை. நம் செமஸ்டர் முறை அதைக் கற்றுத் தருவதே இல்லை. பழைய வினாத்தாள் எடுத்து, கணக்கே போடாமல் எத்தனை விடைகளைத் தள்ள முடிகிறது என்று ஒரு மாலை முழுக்கப் பழகிப் பாருங்கள்.

வாங்கும் மார்க்குக்கும் வெளியே வரும் ஸ்கோருக்கும் உள்ள உறவு பலருக்குக் குழப்பம். நூறுக்கு வாங்குவது மார்க். ஸ்கோர் ஆயிரத்துக்குள் வரும் எண். பொதுப் பிரிவின் தகுதி மார்க்கை ஸ்கோர் 350 என்று வைக்கிறார்கள். அந்தத் தாளின் உச்சியில் இருக்கும் 0.1 விழுக்காட்டினர் அல்லது முதல் பத்துப் பேர், எது பெரிய கூட்டமோ அவர்களின் சராசரி மார்க்கை 900 என்று வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நேர்கோடு. கற்பனையாக, தகுதி மார்க் 28, உச்சிச் சராசரி 78 என்று வைத்துக்கொண்டால், நடுவில் 50 மார்க்குக்கு 550 ஸ்கோர். ஒரு மார்க்குக்கு 11. 53 மார்க் எடுத்தவருக்கு 625. இதில் இரண்டு மார்க் எம்.சி.கியூ. ஆறு தப்பாக அழுத்தியவர், கிடைக்காமல் போன 12 மார்க்குக்கும் மேலே 4 மார்க்கைக் கையிலிருந்து கொடுத்துவிடுகிறார். ஸ்கோரில் அது 44. எந்த ஐ.ஐ.டி., எந்தப் பிரிவு என்பதை மாற்றிவிடக்கூடிய அளவு.

தகுதி மார்க் எப்படி வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 25 அல்லது எழுதியவர்களின் சராசரியோடு ஒரு திட்டவிலக்கத்தைக் கூட்டிய எண், இரண்டில் எது பெரிதோ அது. 2024இல் கணினி அறிவியலுக்கு அது 27.6. பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் அதில் 90 விழுக்காடு, பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவருக்கு மூன்றில் இரண்டு பங்கு. அந்த 27.6ஐ நிதானமாக யோசித்துப் பாருங்கள். சராசரியும் ஒரு திட்டவிலக்கமும் சேர்ந்தே நூறில் 27.6தான் என்றால், நாடு முழுக்க எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்கும் கீழே. "வடக்கே எல்லோரும் பிரமாதமாக எழுதுவார்கள் சார், நமக்கெல்லாம் வராது" என்று சொல்லும் மாணவர் இந்த எண்ணைப் பார்த்ததில்லை. 65 கேள்வியையும் செய்ய வேண்டியதில்லை. செய்வதைச் சரியாகச் செய்தால் போதும்.

இங்கேதான் 'சாய்ஸ்' என்ற பழக்கம் வந்து இடிக்கிறது. செமஸ்டரில் எதை விடலாம் என்று தேர்வுக்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிவாகிவிடும், 'அல்லது' நம்மைக் காப்பாற்றும். விடாத கேள்வியை எப்பாடுபட்டாவது எழுதி முடித்தே தீருவோம். கேட்டில் எதை விடுவது என்பதை ஹாலில், கேள்வியைப் பார்த்த அரை நிமிடத்தில், தனியாக முடிவு செய்ய வேண்டும். 180 நிமிடத்தை 65ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. தொடங்கிய கணக்கைப் பாதியில் விட்டு எழுவது நம் மாணவர்களுக்கு உடம்பே ஒப்பாத செயல். பழகித்தான் வரும்.

கருவிப் பழக்கம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் பையில் கேஸியோ 991 எம்.எஸ். இல்லாத நாள் இல்லை. இருபடிச் சமன்பாடு, மூன்று மாறிச் சமன்பாடு, அணி, தொகையீடு எல்லாம் மோடை மாற்றி அழுத்தினால் வந்துவிடும். கேட் மையத்துக்குள் அது போகாது. திரையில் ஒரு கால்குலேட்டர் இருக்கும், மவுஸால் ஒவ்வொரு பட்டனாக அழுத்த வேண்டும், சமன்பாடு தீர்க்கும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. விசைப்பலகையும் வேலை செய்யாது, என்.ஏ.டி. விடையையும் திரையில் தெரியும் எண் பலகையில்தான் அழுத்த வேண்டும். இதை முதன்முதலாகத் தேர்வு நாளில் பார்ப்பவர் அரை மணி நேரத்தை இழந்துவிடுவார். அதே கால்குலேட்டர் இணையத்தில் இருக்கிறது. படிக்க ஆரம்பித்த முதல் நாளிலிருந்தே 991ஐப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதிலேயே கணக்குப் போடுங்கள்.

மொழியைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். கேட் தாள் முழுக்க ஆங்கிலம்தான். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அந்த முதல் அணி 2025இல் பட்டம் வாங்கியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் தமிழ்வழியும் உண்டு. இந்த மாணவர்களில் பலருக்குப் பாடம் உண்மையாகவே புரிந்திருக்கிறது. தமிழில் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். கேள்வியில் 'அட் மோஸ்ட்' என்பதும் 'அட் லீஸ்ட்' என்பதும், 'நெசசரி' என்பதும் 'சஃபிஷியன்ட்' என்பதும் வரும்போதுதான் சறுக்குகிறது. இதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர வேண்டாம். பழைய தாளில் இருந்து தினம் பத்துக் கேள்விகளை எடுத்து, தீர்க்காமல், 'என்ன கேட்கிறான்' என்பதை மட்டும் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள். இரண்டு மாதத்தில் அந்தச் சொற்கள் எல்லாம் பழகிவிடும், ஏனென்றால் கேட் ஆங்கிலம் சின்ன ஆங்கிலம், அதே நூறு இருநூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பி.எஸ்சி. முடித்து ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் எழுதும் கலைக்கல்லூரி மாணவர்களுக்கும் இதே யோசனைதான். அங்கே 60 கேள்விகள், ஆனால் கேள்வி வகைகள் இதே மூன்றுதான்.

காலக் கணக்கையும் பார்க்க வேண்டும். இறுதியாண்டில் ஆகஸ்ட் முதல் கேம்பஸ் இன்டர்வியூ, நவம்பரில் செமஸ்டர் தேர்வு தொடங்கினால் டிசம்பர் வரை இழுக்கும். பிப்ரவரி வார இறுதிகளில் கேட். ஆகமொத்தம் கையில் தடையில்லாமல் கிடைப்பது பொங்கல் விடுமுறையையும் சேர்த்து ஆறு, ஏழு வாரம். அதற்குள் ஒரு பாடத்தைப் புதிதாகப் புரிந்துகொள்ள முடியாது, படித்ததைத் தட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கச் சொல்கிறேன். தினம் ஒன்றரை மணி நேரம் போதும். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் போட்ட கணக்கை மற்றவரிடம் "ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. கோச்சிங் வேண்டுமா என்றால், பணம் கஷ்டமில்லாத வீடு என்றால் போகலாம், கடன் வாங்கிப் போக வேண்டாம். கட்டணம் கட்டுவதாக இருந்தால் மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் கட்டுங்கள். மூன்றாம் ஆண்டிலேயே ஒருமுறை உண்மையான தேர்வையும் எழுதிவிடலாம். நன்றாக வந்தால் அந்த ஸ்கோரே செல்லும்.

அப்படி மூன்றாம் ஆண்டில் எழுதிவிட்டு வந்த ஒரு மாணவர் எனக்கு நினைவில் இருக்கிறார். தகுதி மார்க்குக்கு ஒன்றரை மார்க் குறைவு. தேர்வுக்குப் பிறகு, அவரவர் அழுத்திய விடைகளோடு ரெஸ்பான்ஸ் ஷீட் வெளியாகும். அதை அச்செடுத்துக்கொண்டு வந்தார், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து 65 கேள்வியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு கேள்வியில் நிறுத்தி, "இதுக்கு மட்டும் பதினெட்டு நிமிஷம் ஆச்சு சார், விட மனசு வரல" என்றார். இரண்டு மார்க் கேள்வி. விடையும் தப்பு. கடைசியில் ஏழு கேள்விகள் திறக்கப்படவே இல்லை. அதில் மூன்று என்.ஏ.டி. ஒரு துண்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினேன். முதலாவதை ஒரு நிமிடத்தில் முடித்தார், இரண்டாவதை இரண்டு நிமிடத்தில். மூன்றாவது வரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கடைசி கேள்வியில் இருந்து ஆரம்பிக்கட்டுமா சார்?" என்று கேட்டார். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி, முதல் 50 நிமிடத்தில் 65ஐயும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடு என்றேன். அன்று சாயங்காலமே மூலப் பாடநூல் கேட்டு நூலகத்துக்குப் போனார்.